அசையாத தொண்ணூற்றாறு

2002-ம் வருடம், ஜூன் மாதம். திருவனந்தபுரத்தில் மழைக்காலம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டு இங்கே ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டு மாடியில் இன்னும் இரண்டு பெண்களோடு தங்கல். அன்றைக்குக் காலை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது என் கைப்பையில் குடையும் ஒரு ஃப்ளாப்பியும் இருந்தன. மதியத்துக்குள் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால் அந்த ஃப்ளாப்பியைப் பஸ் ஜன்னல் வழியாக வீசிவிட்டு வீட்டுக்கே திரும்பியிருப்பேன்.

நான் போய்க்கொண்டிருந்தது நகரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டுக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு மானிட்டர் இருக்கும். நோயாளியின் இதயத் துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், மூச்சு எல்லாவற்றையும் அது காட்டும். இந்த எட்டு மானிட்டர்களிலிருந்தும் எண்களை வாங்கி, நர்ஸ்கள் மேஜைமேல் இருக்கும் ஒரே திரையில் எட்டு வரிகளாகக் காட்டுவதுதான் எங்கள் கம்பெனி செய்துகொடுத்த புரோகிராம். பெரும்பகுதி நான் எழுதியது.

இதில் கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது. ஒவ்வொரு கம்பெனி மானிட்டரும் ஒவ்வொரு விதமாகப் பேசும். அதனால் ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஒரு துண்டு எழுதி வைத்திருந்தேன். மாட்யூல் என்று சொல்வோம். முக்கிய புரோகிராம் தொடங்கும்போது தனக்கு வேண்டிய மாட்யூல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு மாட்யூலில் திருத்தம் செய்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, புதியதை வைத்து, மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடமும் திரை கறுப்பாக இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாலு நிமிடத்தில் பெரிய டாக்டர் உள்ளே வந்துவிட்டார். கறுப்புத் திரையைப் பார்த்து அவர் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. எல்லார் முன்னாலும் நான் தலையைக் குனிந்து நின்றேன். இனி இந்தத் திரை ஒருபோதும் கறுப்பாகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

அந்த வெறியில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய மாட்யூலை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றுகிற வசதி. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் யாரும் அதைச் செய்திருக்கவில்லை. இரண்டாவது, உள்ளே என்ன கோளாறு வந்தாலும் திரையைக் காலியாக்காதே, கடைசியாக வந்த எண்ணையே வைத்துக்கொள் என்று புரோகிராமுக்கு ஒரு கட்டளை. இரண்டாவதை எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை.

ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் நாலு கட்டில்களுக்குப் புது மானிட்டர்கள் வாங்கியிருந்தார்கள். அவற்றில் மூச்சு எண்ணிக்கை சில நேரம் இரட்டிப்பாகக் காட்டுகிறது என்று புகார். சின்னத் திருத்தம். அதுதான் ஃப்ளாப்பியில் இருந்தது. அன்றைக்கு மதியம் இரண்டரை மணிக்கு வேறொரு மருத்துவமனையிலிருந்து ஆட்கள் எங்கள் ஆபீசுக்கு வருவதாக இருந்தது. ஓடுகிற புரோகிராமில் மாட்யூல் மாற்றுவதை அவர்களுக்கு நான்தான் செய்துகாட்ட வேண்டும். காலையிலிருந்தே என் மனசு அந்த இரண்டரை மணியில்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே வந்தேன்.

தலைமை நர்ஸ் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். பழைய நாலு நிமிடம் அவருக்கும் ஞாபகம் இருந்தது.

"மறுபடி ஓஃப் ஆக்கணுமோ?"

"வேண்டா சிஸ்டர். ஓடிக்கிட்டிருக்கும்போ தன்னே மாத்தலாம்" என்றேன். என் மலையாளம் பாதி தமிழாகத்தான் இருக்கும், அவருக்குப் பழக்கம்.

"பேஷண்ட்ஸ் கிடக்குந்த இடமாணு மோளே. சூக்ஷிக்கணே" என்றார். கவனமாகச் செய் என்று அர்த்தம். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஃப்ளாப்பியைப் போட்டேன்.

பழையது இறங்கியது. புதியது ஏறியது. மூன்றே விநாடி. மாற்றம் முடிந்தது என்று பச்சை எழுத்தில் வந்தது. எட்டு வரியிலும் எண்கள் இருந்தன. திரையின் மேல் மூலையில் கடிகாரம் ஓடியது. தலைமை நர்ஸ் எட்டி ஒரு தடவை பார்த்தார், "கொள்ளாமல்லோ", நன்றாயிருக்கிறதே, என்று சொல்லிவிட்டு இரண்டாம் கட்டிலுக்குப் போனார். அங்கே புதிதாக ஒரு நோயாளியைக் கொண்டுவந்திருந்தார்கள். நர்ஸ்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள்.

நான் பத்து நிமிடம் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அதுதான் முறை. பதிலாக மேஜைமேல் இருந்த ஃபோனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டேன். "சக்சஸ் அல்லே? ஒரு மணிக்கு முன்னே இங்கே எத்தணும்" என்றார், வந்து சேர வேண்டும் என்று. சரி என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவுக்கு வந்தால் மழை கொட்டுகிறது. குடை தாங்காத மழை. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன், மழையைப் பார்க்கிறேன், மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறேன். "இந்த மழைக்கு இப்பந்தான் வரணுமா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"மேடம் தமிழா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கசங்கிய நூல் புடவை, கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். திசையன்விளைப் பக்கம் ஊர். புருஷன் இங்கே கட்டிட வேலை. சென்ட்ரிங் பலகையிலிருந்து விழுந்து நெஞ்சில் அடி. ஆறாம் கட்டில். அவளே இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

"உள்ள அந்தப் பொட்டிய நீங்கதான நோண்டிக்கிட்டு இருந்தீய?"

"ஆமா. என்ன வேணும்?"

"ஆறாவது வரி எங்க வீட்டுக்காரரு. ஒரு சிஸ்டர் காட்டித் தந்தாவ. அந்த நீல நம்பரு தொண்ணூறுக்குக் கீழ போகக்கூடாதுன்னு சொன்னாவ. அது இப்ப அசையவே மாட்டேங்கு மேடம்."

கண்ணாடி வழியாகத் திரை நன்றாகத் தெரிந்தது. நான் ஒரு பார்வை பார்த்தேன். ஆறாவது வரியில், ரத்த ஆக்சிஜனுக்கான நீல நிறத்தில், தொண்ணூற்றாறு.

"தொண்ணூத்தாறு இருக்கே. நல்ல நம்பர்தான். அசையாம இருந்தா ஆளு ஸ்டெடியா இருக்காருன்னு அர்த்தம். பயப்படாதீங்க" என்றேன். சொல்லிக்கொண்டே மழையைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் விடவில்லை.

"இல்ல மேடம். நாலு நாளா நான் இத மட்டுந்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். தொண்ணூத்தாறு வரும், ஒடனே அஞ்சாவும், ஏழாவும், மறுபடி அஞ்சாவும். ஒரு நிமிசம் ஒரே நம்பரு நின்னதே கெடையாது. நீங்க வெளிய வந்ததுலருந்து அப்படியே நிக்கு."

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது எரிச்சல்தான். இந்தப் புரோகிராமை எழுதியவளிடமே வந்து இவள் அதைப் பற்றிச் சொல்கிறாளே என்று. "டாக்டர் பார்த்துக்கிடுவாங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன்.

அவள் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தாள். கண்ணாடியைத் தொடவே கூடாது என்று அங்கே போர்டு உண்டு. வாசலில் இருந்த செக்யூரிட்டி ஓடி வந்தார். அவள் நிறுத்தவில்லை.

"சிஸ்டரே! ஆறாம் நம்பர் நோக்கணே! சிஸ்டரே!" மலையாளத்தில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போல. பிறகு என் பக்கம் திரும்பாமலே தமிழில் கத்தினாள். "மேல நாலும் ஓடுது, கீழ நாலும் அப்படியே நிக்கு! நாலு பேரும் ஒண்ணாவா ஸ்டெடியா ஆவாவ?"

கீழே நாலு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நான் மாட்யூல் மாற்றிய அதே நாலு கட்டில்கள்.

குடை எங்கே விழுந்தது என்று தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். தலைமை நர்ஸ் எனக்கு முன்னால் ஆறாம் கட்டிலில் இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து மானிட்டர் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது. மற்ற நோயாளிகள் தூங்கட்டும் என்று அதன் சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்திருந்தார்கள். எச்சரிக்கை மணிக்கு மேஜைத் திரையையே நம்பியிருந்தார்கள். அந்த மானிட்டரில் ஆக்சிஜன் எழுபத்தொன்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்தெட்டு ஆனது.

அந்த மனிதரின் உதடு கறுத்திருந்தது. முன்னால் எப்போதோ கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தியபோது ஆக்சிஜன் குழாய் பக்கக் கம்பியின் இடுக்கில் மாட்டி நசுங்கிப் போயிருந்தது. தலைமை நர்ஸ் ஒரே இழுப்பில் அதை விடுவித்தார். நோயாளியைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தார்கள். டாக்டர் ஓடி வந்தார். எண்பத்திரண்டு, எண்பத்தைந்து, மறுபடி எண்பத்துநாலு. தொண்ணூறைத் தொடுவதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே அவள் இரண்டு கையையும் கண்ணாடியில் ஒட்டிவைத்தபடி நின்றிருந்தாள். இப்போது செக்யூரிட்டி அவளை ஒன்றும் சொல்லவில்லை.

மேஜைத் திரையில் அப்போதும் தொண்ணூற்றாறுதான்.

ஐந்து, ஏழு, எட்டு மூன்றையும் நேரில் போய்ப் பார்த்தார்கள். நல்லவேளையாக மூவருக்கும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் எல்லாரும் அந்தத் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேபிள் லூஸ் ஆயிரிக்கும்" என்று ஒரு இளம் நர்ஸ் சொன்னாள். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். டாக்டரும் என்னைப் பார்த்தார், கேபிள்தானா என்று கேட்கிற மாதிரி.

நான் குனிந்து கேபிளைத் தொட்டேன். நான் தடுமாறியதை இப்போது மறைக்க விரும்பவில்லை. என் கை அந்தக் கேபிள்மேல் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அப்படிச் சொல்லாமல் இருந்தது நான் பெரிய நேர்மைக்காரி என்பதால் இல்லை. கேபிள் என்று சொல்லிவிட்டால் கேபிளை அழுத்திவிட்டு எல்லாரும் மறுபடி அந்தத் திரையை நம்பப் போய்விடுவார்கள். அந்தப் பயம்தான் என்னைப் பேசவைத்தது.

"கேபிள் இல்ல சிஸ்டர். நான் செஞ்சதுதான். அந்த நாலு வரியும் பொய். அதைப் பார்க்காதீங்க."

தமிழிலேயே சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் புரிந்தது.

திட்டுவார் என்று நின்றேன். தலைமை நர்ஸ் திட்டவில்லை, அதற்கு அவருக்கு நேரம் இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஆளை நிற்கச் சொன்னார். ஆள் போதாமல் பக்கத்து வார்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். என் கையில் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார். "இனி ஓஃப் ஆக்கிக்கோ" என்றார்.

நிறுத்தினேன். திரை கறுத்தது. நாலு நிமிடம் ஒவ்வொருவரும் கட்டில் பக்கத்திலிருந்து எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள், நான் எழுதினேன். அவசரத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி விழுந்தன. புரோகிராம் மறுபடி தொடங்கி, எட்டு வரியும் தாளில் இருந்ததோடு ஒத்துப்போன பிறகும் யாரும் கட்டிலை விட்டு நகரவில்லை. எட்டுப் பேரை நிற்கவைத்து நாலு நிமிடம் நிறுத்தினால் போதும். இவ்வளவுதான் வேண்டியிருந்தது. இதை முதலிலேயே கேட்டிருந்தால் தலைமை நர்ஸ் செய்துகொடுத்திருப்பார். எனக்குத்தான் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

முதலாளியிடம் ஃபோனில் சொன்னேன். பிறகு அவரே வந்தார், நனைந்துகொண்டு. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டரை மணி ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருத்துவமனை எங்கள் கம்ப்யூட்டரை அப்போதைக்கு மூடிவைத்துவிட்டது. கட்டில் மானிட்டர்களின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள்.

தப்பு எங்கே என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். மாட்யூல் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை முக்கிய புரோகிராம் இரண்டு இடத்தில் குறித்து வைத்திருந்தது. மாற்றும்போது ஒரு குறிப்பைத்தான் நான் திருத்தினேன், இன்னொன்றை மறந்துவிட்டேன். அதனால் புரோகிராம் இறக்கிவிட்ட பழைய மாட்யூலின் இடத்துக்கே போய் எண் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஆபீசில் சோதித்தபோது புது மாட்யூல் ஒவ்வொரு தடவையும் அதிர்ஷ்டவசமாகப் பழையது இருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் உட்காரவில்லை. அதுவும்கூடப் பரவாயில்லை, கோளாறு என்று கத்தி நின்றிருக்கும். கத்தாதே, கடைசி எண்ணையே காட்டு என்று வாயைக் கட்டிவைத்தது நான்.

அடுத்த இரண்டு நாள் ஓர் இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. எங்கே எண்ணைப் பார்த்தாலும், லிஃப்டில் மாடி எண்ணாக இருந்தாலும் சரி, பெட்ரோல் பங்க் மீட்டராக இருந்தாலும் சரி, அது மாறுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். மருத்துவமனைக்குத் தினம் இரண்டு தடவை ஃபோன் செய்து ஆறாம் கட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மூன்றாம் நாள் தேறிவிட்டார், பேசுகிறார் என்று சொன்னார்கள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு நேரில் போனேன்.

அவள் அதே கண்ணாடிப் பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள், சிரிக்கவில்லை.

"அன்னைக்கு அந்த நம்பர் நின்னது என்னாலதான். நான் மாத்தினதுல வந்த தப்பு. நீங்க சொன்னப்பவும் நான் கேக்கல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அழுவாள் அல்லது அடிப்பாள் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன்.

"பொட்டிய மறுபடி ஓட விடுவியளா?" என்றாள்.

"சரி பண்ணினபிறகு, டாக்டர் சம்மதிச்சா."

"அப்ப ஓடுறது நெசமான நம்பரான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் நல்லா சோதிச்சிட்டுத்தான்..."

"அன்னைக்கும் நீங்க நல்ல நம்பருதான்னுதான சொன்னீய."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எனக்குப் படிப்பு கெடையாது. நம்பரு மட்டும் தெரியும். என்ன மாதிரி ஆளு வெளிய நின்னு பாத்தாலே, இது ஓடுது இது நின்னுபோச்சுன்னு தெரியுற மாதிரி ஏதாவது வைங்க. எத்தன பேரு இங்கன நிக்கோம்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தூக்கிலிருந்து கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டு, விசிட்டர் நேரத்துக்கு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே ஆபீசுக்குத் திரும்பி உட்கார்ந்தேன். கடைசி எண்ணையே காட்டு என்ற கட்டளையை முதலில் அழித்தேன். ஐந்து விநாடிக்குள் புது எண் வராவிட்டால் அந்த இடத்தில் எண்ணே இருக்காது, சிவப்பில் ஒரு கோடுதான். கூடவே மணி அடிக்கும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு பெரிய வெள்ளைப் புள்ளி. கட்டிலிலிருந்து ஒவ்வொரு எண் வரும்போதும் அது ஒரு தடவை மின்னும். வராவிட்டால் மின்னாது. பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்யூல் மாற்றுகிற வசதியையும் சரிசெய்தேன். ஆனால் கட்டிலில் ஆள் இருக்கிறவரைக்கும் அதைத் தொடுவதில்லை என்று தலைமை நர்ஸிடம் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் சோதித்துப் பார்த்த பிறகுதான் டாக்டர் திரையை மறுபடி போடச் சம்மதித்தார். அதற்குள் அந்த மனிதர் குணமாகி ஊருக்குப் போய்விட்டார். அந்தப் புள்ளியை அவள் பார்க்கவில்லை. முதல் நாள் கண்ணாடிக்கு வெளியே வந்து, மற்ற நோயாளிகளின் ஆட்கள் நடுவில் நான் ஒருத்தியாக நின்று பார்த்தேன். எட்டுப் புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மின்னின. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தன் மகனுடைய வரியைக் காட்டி, "ஓடுந்துண்டு", ஓடுகிறது, என்று தன் மருமகளிடம் சொன்னார்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது என் கீழே பலர் வேலை பார்க்கிறார்கள், எதையும் நிறுத்தாமல் மாற்றுகிற வித்தை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால் என் வேலையைப் பற்றி, அந்த வேலை தெரியாத ஒருவர் வந்து ஏதோ சரியில்லை என்று சொன்னால், பதில் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறேன். அன்றைக்கு வராந்தாவிலிருந்து திரைவரைக்கும் நான் திரும்பிப் போகாத அந்தப் பத்தடியை ஒரு பெண் கண்ணாடியைத் தட்டிக் கடந்ததால்தான், இன்றைக்கும் யார் முகத்திலும் விழிக்க முடிகிறவளாக நான் இருக்கிறேன்.